இறந்தவருக்கு வசனம் இல்லை

படம் எடுக்க எல்லாம் தயாராக இருந்தது. செத்துப்போகத்தான் ஆள் கிடைக்கவில்லை.

"சும்மா ஒரு போட்டோதான் பெரியவரே. போஸ்டர்ல போடறதுக்கு," என்றான் அட்டகோரா, பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற லாரி டிரைவரிடம்.

"என்ன போஸ்டர்?"

"சாவு போஸ்டர்."

டிரைவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தத் திங்கட்கிழமை காலையில் சாத்தப்பட்ட நாலாவது கதவு அது. குமாசி நகரத்துக்காரர்கள் அடுத்தவர் சாவுக்கு எத்தனை மைல் வேண்டுமானாலும் போவார்கள். தங்கள் சாவு போஸ்டருக்கு ஒரு எட்டு எடுத்து வைக்கமாட்டார்கள்.

வீட்டு வாசலில் அவன் மனைவி பிராகோ, வாடிக்கைக்காரி ஒருத்தியை உட்காரவைத்துச் சடை பின்னிக்கொண்டிருந்தாள்.

"பிணம் கிடைச்சுதா?"

"இல்ல."

"நீங்களே செத்துப்போயிடுங்களேன். செலவு மிச்சம்."

"நான்தானே கேமரா புடிக்கணும்?"

"புடிச்சுக்கிட்டே செத்துப்போங்க. இதுவரைக்கும் யாரும் எடுக்காத படமா இருக்கும்."

வாடிக்கைக்காரி குலுங்கிச் சிரித்ததில் ஒரு சடை கோணலாகப் போனது.

அட்டகோராவுக்கு நாற்பத்தாறு வயது. அசாஃபோ வட்டாரத்தில் வீட்டோடு சேர்ந்த மெத்தைக் கடை. ஆரம்பிப்பதில் மன்னன். கீபோர்டு வாங்கினான், இடது கை வரவில்லை. பிரெஞ்சு படித்தான், பத்து வரை எண்ணுவான், ஏழு மட்டும் மறந்துபோகும். கோழிப்பண்ணைக்குப் பெரிய கூண்டு கட்டினான், கோழி வாங்குவதற்குள் ஆசை தீர்ந்துவிட்டது. கீபோர்டும் பிரெஞ்சுப் புத்தகங்களும் இப்போது அந்தக் கூண்டுக்குள்தான் இருந்தன. சாவி பிராகோவின் இடுப்பில்.

இப்போது சினிமா. போனிலேயே ஏழு நிமிடப் படம் எடுத்து அனுப்பும் போட்டி. சனிக்கிழமை மாலை ஆறு மணி கடைசி.

"இதை மட்டும் முடிச்சுக் காட்டறேன் பாரு," என்று அவன் மனைவியிடம் சொல்லியிருந்தான்.

"முடிச்சா, சாகற வரைக்கும் உங்களை 'டைரக்டர் ஐயா'ன்னு கூப்பிடறேன். முடிக்கலேன்னா அந்தக் கேமரா முக்காலி கூண்டுக்குள்ள போகும். கூண்டுல இன்னும் ஒரு சாமானுக்குத்தான் இடம் இருக்கு. அதுக்கப்புறம் நீங்களே உள்ள போகவேண்டியதுதான்."

இணையத்தில் ஒரு தாடிக்காரர் இலவசமாகப் பாடம் நடத்தினார். அட்டகோராவின் வேதம் அதுதான். 'காசு இல்லையா? ஜன்னல் இருக்கிறது, வெளிச்சம் இலவசம்' என்பார் தாடிக்காரர். 'இருப்பதை வைத்து எடு' என்பார். அட்டகோராவிடம் இருந்தது மெத்தை. கடையின் பின்பக்கம் எட்டு மெத்தைகளை நிறுத்திவைத்து, மேலே ஒன்றைக் கூரையாகப் போட்டு, ஒலிப்பதிவு அறை கட்டினான். உள்ளே கோழி கூவுவது கேட்காது. பேசுகிறவனுக்கு மூச்சும் வராது.

அவன் எடுத்த முதல் படத்தின் கதாநாயகன் அவன் கட்டைவிரல். இரண்டாவது படத்தில் விரல் இல்லை, ஆனால் எல்லோருக்கும் தலையும் இல்லை. "எனக்குப் படம் எடுக்கத் தெரியாதுன்னு யார் சொன்னா? இன்னும் யாருக்கும் காட்டவே இல்லையே," என்று அவனே சொல்லிக்கொள்வான்.

இந்தப் படத்தின் கதை அவனே யோசித்தது. ஒரு பெரியவர். உயிரோடு இருந்தவரை ஒருத்தர்கூடப் போய்ப் பார்க்கவில்லை. செத்த அன்று ஊரே வந்து விழுந்து விழுந்து அழுகிறது. கதையைச் சொன்னபோது பிராகோவே சடை பின்னுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

கடைசியில் அவனுக்கு மாமா ஞாபகம் வந்தார்.

அம்மாவின் அண்ணன். அகெண்டன் மாமா. பெக்வாயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்று, அங்கேயே இருக்கிறவர். மனைவி போய் எட்டு வருடம், பிள்ளை கிடையாது. அசாந்தி இன வழக்கப்படி தங்கை மகனான மருமகன்தான் வாரிசு. மூன்று மாதம் முன்பு கேமரா பழகுவதற்காக அவரை ஜன்னல் ஓரம் உட்காரவைத்து, பக்கத்தில் வெளிச்சம் தெறிக்க வெள்ளைப் படுக்கைவிரிப்பைப் பிடித்து ஒரு படம் எடுத்திருந்தான். அட்டகோரா எடுத்ததில் முகம் தெளிவாக விழுந்த ஒரே படம் அது.

போன் போட்டான்.

"யாரு?"

"நான்தான் மாமா, அட்டகோரா."

"எந்த அட்டகோரா?"

"உங்க மருமகன் மாமா."

"ஓ. உயிரோடதான் இருக்கியா? மூணு மாசமாச்சே, போய்ச் சேந்துட்டியோன்னு நெனச்சேன்."

"கடையில வேலை மாமா... உங்க போட்டோவை என் படத்துல வெச்சுக்கலாமா?"

"என்ன வேஷம்?"

"பெரியவர் வேஷம்."

"வசனம் உண்டா?"

"இல்ல மாமா. ரொம்ப அமைதியான வேஷம்."

"நானே வந்து நடிக்கறேனே. ரயில்வே நாடகத்துல மூணு தடவை ராஜாவா நடிச்சிருக்கேன்."

"வேணாம் மாமா. உங்களுக்கு எதுக்குச் சிரமம்? போட்டோ போதும்."

"போட்டோவைப் பெரிசாப் போடுவியா, தபால்தலை மாதிரி போடுவியா?"

"பெரிசாத்தான். அசாஃபோவுல அடோமா கடையில அடிக்கறேன். நம்பர் ஒண்ணு கடை."

"கூட்டம் வருமா படத்துல?"

"ஒன்பது பேர் சொல்லிவெச்சிருக்கேன் மாமா. பிராகோவோட நிலைக்கண்ணாடியைப் பின்னாடி வெச்சுப் பதினெட்டாக் காட்டிடுவேன்."

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. "ஒரு ராஜாவுக்கு ஒன்பது பேர்," என்றார் மாமா. போன் வைக்கப்பட்டது.

சாவு போஸ்டர் என்பதை மட்டும் அட்டகோரா சொல்லவில்லை. அது பொய் இல்லை, வசனத்தைக் குறைத்தல் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

அடோமா சின்னப்பெண்தான், வாய் மட்டும் பெரியது.

"ஒண்ணே ஒண்ணா? ஒரு மனுஷன் செத்திருக்கார், ஒரு போஸ்டரா? குறைஞ்சது இருபதாவது அடிங்கண்ணே. சொந்த மாமான்னு வேற சொல்றீங்க."

"சாகலைம்மா. படத்துக்கு."

"சரி சரி, எனக்கு எதுக்கு? பேர் என்ன போடட்டும்?"

கற்பனையாக ஒரு பெயர் யோசித்தான். தாடிக்காரர் குறுக்கே வந்தார்: 'பார்க்கிறவர் நம்பவேண்டும்.' ஆகவே உண்மைப் பெயரே போட்டான். வயது எழுபத்தெட்டு, அதுவும் உண்மை. துக்கத்தை முன்னின்று நடத்துபவர்: குலத்தலைவர் அடூசே. இடம்: தன் வீட்டு விலாசம். நாள்: வரும் சனிக்கிழமை. மேலே தங்க எழுத்தில் 'மகிமைக்கு அழைக்கப்பட்டார்'.

பார்க்கிறவர்கள் நம்பினார்கள். அதுதான் வினையே.

செவ்வாய்க்கிழமை காலை இளவெயிலில் போஸ்டரை வெளிச்சுவரில் மாட்டிப் படம் பிடித்தான். முக்காலி ஆடியது, அதனால் பத்து கிலோ பயறு மூட்டையின்மேல் போனை வைத்தான். நடுவில் போன் வந்தால் படம் நின்றுபோகும் என்று தாடிக்காரர் எச்சரித்திருந்தார், அதனால் ஃப்ளைட் மோட் போட்டான்.

"எடுத்தாச்சில்ல? அதைக் கழட்டுங்க," என்றாள் பிராகோ. "வர்றவங்க போறவங்க எல்லாம் சிலுவை போட்டுக்கிட்டுப் போறாங்க."

"நாளைக்குச் சாயங்கால வெளிச்சத்துல இதே சுவர் வேணும். நடுவுல கழட்டி மாட்டினா தொடர்ச்சி கெட்டுடும்."

"என்ன கெட்டுடும்?"

"தொடர்ச்சி. ஒரு காட்சியில மேல இருக்கறது அடுத்ததுல கீழ இருக்கக்கூடாது."

"அப்ப உங்களைக் கல்யாணம் பண்ணினதுலேர்ந்து நம்ம வீட்ல தொடர்ச்சி நல்லாத்தான் இருக்கு. எல்லாமே கீழதான் இருக்கு."

போஸ்டர் சுவரிலேயே இருந்தது. போனும் ஃப்ளைட் மோடிலேயே இருந்தது. இரண்டையும் அவன் மறந்துபோனான்.

புதன்கிழமை மாலை. சரியான வெளிச்சம். அட்டகோரா தெருவைப் பார்த்துக் கேமராவை ஓடவிட்டான். அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் கறுப்புத் துணி கட்டி, தலையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, "ஐயோ என் அண்ணா!" என்று அலறியபடி ஒரு அம்மாள் ஓடிவந்தாள். டூஃபியே சின்னம்மா! அம்மாவின் தங்கை. போன வாரம் அழுகிற வேஷத்துக்குக் கூப்பிட்டபோது, "எனக்கு அழுகையெல்லாம் வராது, போ" என்று சொன்னவள்.

அட்டகோராவின் கண் கலங்கியது. என்ன நடிப்பு! சுவரில் தலையை மோதினாள். போஸ்டரைத் தடவினாள். மண்ணில் புரண்டாள்.

"கட்!" என்றான். "சின்னம்மா, பிரமாதம்! ஆனா முகத்துல வெளிச்சம் விழலை. எழுந்து தெருமுனைக்குப் போயி, இதே மாதிரி இன்னொரு தடவை அழுதுகிட்டு வாங்க. கொஞ்சம் இடப்பக்கமா."

சின்னம்மா எழுந்தாள். கைத்துணியை உதறினாள். அவன் கன்னத்தில் விட்டாள் ஒன்று. அதுவும் இடப்பக்கம்தான்.

"கூடப் பிறந்தவன் செத்துக்கிடக்கான், வெளிச்சம் விழலையாம்! வெளிச்சம்! முப்பது தடவை போன் போட்டேன்டா! ஏன்டா எடுக்கலை?"

"சின்னம்மா, மாமா சாகலை! இது படம்!"

"படம் போட்டிருக்கியே, அதைத்தான்டா சொல்றேன்!"

"சினிமாப் படம்! மாமா உயிரோட இருக்கார். இருங்க, இப்பவே பேசவைக்கறேன்."

போனை உயிர்ப்பித்தான். அறுபத்துமூன்று தவறிய அழைப்புகள். மாமாவுக்குப் போட்டான். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடி போட்டான். மறுபடி அதே.

"செத்தவங்க போன் அப்படித்தான்டா இருக்கும்," என்றாள் சின்னம்மா, மூக்கைச் சிந்தியபடி.

அட்டகோரா மூன்றாவது தடவையும் போட்டுப் பார்த்தான்.

வியாழக்கிழமை காலை ஊர் ரேடியோ நிலையத்துக்கு ஓடினான். போகிற வழியில் மின்கம்பத்தில் மாமா. மருந்துக்கடைச் சுவரில் மாமா. கெஜேட்டியா வண்டி நிலையத்தில் வரிசையாக ஏழு மாமா, ஏழிலும் ஒரே முகம், ஜன்னல் வெளிச்சம்.

'ஒண்ணுதானே அடிச்சேன்?'

ஒன்றைக் கிழித்தான். ஆரஞ்சு விற்கும் ஒரு பெண் கத்தியைக் காட்டி, "செத்தவன் முகத்தைக் கிழிக்கறான் பாருங்க! வெக்கம் கெட்டவன்!" என்று கூவ, நாலு பேர் துரத்தினார்கள். கிழித்த பாதி மாமாவோடு அடோமா கடைக்கு ஓடினான். பூட்டியிருந்தது. 'அத்தையின் ஈமச்சடங்கு. திங்கட்கிழமை திறக்கப்படும்' என்று கதவில் எழுதியிருந்தது.

புரிந்துவிட்டது. ஒன்றுக்கு மேல் அடிக்கமாட்டேன் என்றதில் அந்தப் பெண்ணுக்குக் கோபம். தன் பாட்டுக்கு அடித்துத் தள்ளியிருக்கிறாள். "சிக்கனமா இருந்ததுக்கு இதுவா தண்டனை?" என்று பூட்டைப் பார்த்துக் கேட்டான்.

ரேடியோ நிலையத்தில் மரண அறிவிப்புப் பிரிவில் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் இருந்தாள்.

"எங்க மாமா சாகலைன்னு அறிவிக்கணும்மா."

"ஃபாரம் எடுங்க. மரணமா, ஏழாம் நாளா, நாற்பதாம் நாளா, நன்றி அறிவிப்பா?"

"சாகலைம்மா."

"அப்படி ஒரு ஃபாரம் இல்லையே."

"உயிரோட இருக்கார்னு சொல்ல ஒரு ஃபாரம்கூடவா இல்லை?"

"இத்தனை வருஷத்துல யாரும் கேட்கலையே. தேதி மாற்றம்னு ஒண்ணு இருக்கு. அதுல வேணா எழுதுங்க."

எழுதினான். நடுப்பகல் அறிவிப்பில் அந்த அம்மாள் அடைத்த குரலில் படித்தாள்: "பெக்வாய் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் அகெண்டன் அவர்களுக்குச் சனிக்கிழமை நடைபெறுவதாக இருந்த இறுதிச்சடங்கு நடைபெறாது. புதிய தேதி, அவர் விருப்பப்படி."

குமாசியில் ஒரு சாவு நடக்காது என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான். பிணத்துக்குச் சண்டை.

சாயங்காலமே குலத்தலைவர் அடூசே ஆறு பேரோடு கடைக்கு வந்து இறங்கினார். எண்பத்துநாலு வயது. தடி ஒரு கையில், பேரன் தோளில் இன்னொரு கை. அப்படித்தான் அவர் பத்து வருடமாக நடக்கிறார்.

"உடல் எங்கடா?"

"உடல் இல்லை பெரியவரே. அதாவது இருக்கு. மாமா அதுக்குள்ளதான் இருக்கார். உயிரோட."

"அகெண்டனோட உடல் குலத்துக்குச் சொந்தம். நீ வாரிசுதான். அதுக்காக இவ்வளவு அவசரமா? வீடும், சுவர்க்கடிகாரமும் ஓடியா போயிடும்?"

"நான் மெத்தை விக்கறவன், பெரியவரே. எனக்கு எதுக்கு உடல்?"

இதை அவன் சொல்லியிருக்கக்கூடாது. ஆறு பேரும் ஒவ்வொரு மெத்தையாக அமுக்கிப் பார்த்தார்கள். பின்பக்கம் போனவன் அங்கிருந்து கத்தினான்.

"பெரியவரே! இங்க கல்லறை மாதிரி ஒண்ணு கட்டியிருக்கான்!"

"அது ஒலிப்பதிவு அறை!" என்று அலறினான் அட்டகோரா.

"என்ன அறை?"

"சத்தம் வெளியே போகாம இருக்கறதுக்கு."

ஆறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குலத்தலைவர் மெதுவாகச் சொன்னார்: "யாரோட சத்தம்?"

வெள்ளிக்கிழமை விடிந்ததும் டுரோடுரோ வேன் பிடித்துப் பெக்வாய்க்குப் போனான். மாமாவைக் கையோடு கூட்டிவந்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது. வீடு பூட்டியிருந்தது. எதிர்வீட்டுப் பெண் ஃபூஃபூவுக்கு மரவள்ளிக்கிழங்கு இடிப்பதை நிறுத்தி எட்டிப் பார்த்தாள்.

"செவ்வாய்க்கிழமையே கிளம்பிட்டாரே. கறுப்புத் துணியை இஸ்திரி போட்டு வாங்கி, மடிச்சு எடுத்துக்கிட்டுப் போனார். ஒரு சாவுக்குப் போறேன்னார்."

"யாரோட சாவுக்கு?"

"நானும் கேட்டேன். ரொம்ப நெருங்கின ஆளுன்னார்."

அட்டகோரா தலையில் கை வைத்து உட்கார்ந்தான். இவர் யார் சாவுக்கோ போயிருக்கிறார், இங்கே ஊர் இவர் சாவுக்கு வருகிறது.

"நீங்க யாரு, மெத்தைக் கடை மருமகனா?" என்றாள் அவள். "வந்து மூணு மாசம் இருக்குமே. உங்களை எதிர்பார்த்து ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ரெண்டு பேருக்குச் சமைப்பார். அப்புறம் எங்க வீட்டுக்குக் குடுத்தனுப்புவார்."

திரும்பி வரும் வழியெல்லாம் அவனுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைச் சோறுதான் ஞாபகம். தன் கதை ரொம்ப நல்ல கதை என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தான். அதில் அந்தப் போய்ப் பார்க்காத ஆள் யார் என்று அவன் யோசித்ததே இல்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வாசலில் இருநூறு பிளாஸ்டிக் நாற்காலி.

"யார் வரச்சொன்னது?"

"நான்தான்," என்றாள் டூஃபியே சின்னம்மா. "ஊர் வரப்போகுது. உட்கார இடம் இல்லேன்னா நம்ம மானம் போயிடும். செத்தானா இல்லையாங்கறதை அப்புறம் பாத்துக்கலாம்."

ஒன்பது மணிக்குத் தெரு முழுவதும் கறுப்பும் சிவப்புமாகத் துக்க உடைகள். "தமிரிஃபா துவே, துவே" என்று துக்கம் சொல்லிக் கை குலுக்கியபடி வரிசை நகர்ந்தது. பறை முழங்கியது. பெக்வாயிலிருந்து மட்டும் இரண்டு வண்டி. பத்து வருடமாக யாரும் பார்க்காத ஒன்றுவிட்ட தம்பிகளெல்லாம் வந்திருந்தார்கள். பிணச்சண்டை என்றதும், வராமல் இருக்க நினைத்தவர்களும் வந்திருந்தார்கள்.

அட்டகோரா சமையலறையில் ஒளிந்துகொண்டிருந்தான். பிராகோ உள்ளே வந்தாள்.

"என்ன பண்றீங்க?"

"ஒரு ஆளை உயிரோட இருக்கும்போதே கொன்னுட்டேன். வாழ்க்கையில நான் முழுசா முடிச்ச ஒரே வேலை இதுதான், பிராகோ."

"இன்னும் முடியலை. ஆறு மணி வரைக்கும் நேரம் இருக்கு." போனையும் முக்காலியையும் அவன் மடியில் வைத்தாள். "வெளியே இருநூறு பேர் அழறாங்க. வெளிச்சம் தேன் மாதிரி இருக்கு. எப்படியும் அடி வாங்கப்போறீங்க. படத்தோட வாங்குங்க."

நாலு மெத்தையை அடுக்கி மேலே ஏறினான். அங்கிருந்து பார்த்தால் கூட்டம் சிவப்பு அலையாகத் தெரிந்தது. நிலைக்கண்ணாடி தேவையே இல்லை. கேமரா ஓடியது.

குலத்தலைவர் பேச எழுந்தார். "அகெண்டன் ஒரு மலை! அந்த மலையடியிலதான் இந்தக் குலமே நிழலுக்கு ஒதுங்குச்சு! மாசம் தவறாம நான் போயிப் பார்ப்பேன்!"

டூஃபியே சின்னம்மா விசும்பினாள். "என் அண்ணனுக்கு நான் சோறு ஊட்டாத நாள் இல்லை!"

கடைசி வரிசையில் யாரோ இருமினார்கள்.

போன் திரையில் அட்டகோரா பார்த்தான். கறுப்புக் கண்ணாடி, கறுப்புத் துணி, ஒரு பெரியவர். வறுத்த வாழைப்பழத்தைப் பொட்டலத்திலிருந்து எடுத்து எடுத்துத் தின்றுகொண்டிருந்தார். எங்கோ பார்த்த முகம். ஜூம் பண்ணினான். முகம் கட்டம் கட்டமாகச் சிதறியது. 'ஜூம் பண்ணாதே, கிட்டே போ' என்றார் தாடிக்காரர்.

இறங்கினான். கேமரா ஓட ஓட, நாற்காலிகளுக்கு நடுவே நடந்து கிட்டே போனான். முகம் தெளிவானது. ஏழு இடத்தில் பார்த்த அதே முகம்.

"மாமா?"

பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். எழுந்து நின்றார்.

முதலில் பறை நின்றது. அப்புறம் ஒரு நாற்காலி விழுந்தது. அப்புறம் நூற்றுத்தொண்ணூற்றொன்பது நாற்காலி. அழுதவர்கள், பேசியவர்கள், சூப்பு குடித்துக்கொண்டிருந்தவர்கள், எல்லாரும் ஓடினார்கள். எல்லாருக்கும் முன்னால், தடியையும் பேரனையும் விட்டுவிட்டு, துணியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, குலத்தலைவர் அடூசே ஓடினார். தெருமுனையைத் தாண்டியும் அவர் நிற்கவில்லை.

அட்டகோரா கேமராவை நிறுத்தவில்லை. படத்தில் விரல் விழவில்லை, ஒருவர் தலையும் வெட்டுப்படவில்லை.

எல்லாரையும் திரும்பக் கொண்டுவந்து உட்காரவைக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

"ரயில்வே நண்பன் வீட்ல நாலு நாள் இருந்தேன்," என்றார் மாமா, நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து. "போன்ல சார்ஜ் இல்லை. வெளியே வந்து பார்த்தா சுவரெல்லாம் நான். சரி, தெரிஞ்ச ஆளாச்சே, போகாம இருந்தா நல்லா இருக்காதுன்னு வந்தேன். யார்டா என்னைக் கொன்னது?"

இருநூறு விரல்கள் அட்டகோராவைக் காட்டின.

அவன் மண்டியிட்டான். "நான்தான் மாமா. படத்துக்காக ஒரே ஒரு போஸ்டர். மீதியை அடிச்சவங்க வேற. ஆனா தப்பு என்னோடதுதான். மூணு மாசமா வந்து பார்க்காதது மட்டும் நூத்துக்கு நூறு என்னோடது."

மாமா வாழைப்பழப் பொட்டலத்தை மடித்து வைத்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"உயிரோட இருக்கறவனைச் செத்தான்னதுக்கு ஒரு செம்மறி ஆடு. ஆன்மாவைத் திரும்ப வரவழைக்க ஜின் ஒரு பாட்டில். அது மருமகனுக்கு அபராதம்." கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "அடூசே, மாசம் தவறாம வந்தியாமே. இனிமே வா. டூஃபியே, சோறு ஊட்டினியாமே. வாயைத் திறந்துவெச்சுக் காத்திருக்கேன். வாரம் ஒரு வீட்டுக்காரங்க என்னைப் பார்க்க வரணும். ஞாயித்துக்கிழமை மதியம் ஒரு மணிக்கு. நான் ஸ்டேஷன் மாஸ்டர், லேட்டா வந்தா சிவப்புக் கொடிதான்."

ஒருவரும் மறுக்கவில்லை. செத்தவர் பேச்சை யார் மறுப்பது?

"மருமகனே, அது இன்னும் ஓடுதா?" என்று போனைக் காட்டினார்.

"நிறுத்திடறேன் மாமா."

"எதுக்கு? எனக்கு எந்தப் பக்கம் முகம் நல்லா இருக்கும்?"

மூன்று மணிக்கு அட்டகோரா மெத்தை அறைக்குள் புகுந்தான். ஐந்து ஐம்பத்தைந்துக்கு வியர்வையில் குளித்து வெளியே வந்தான். ஏழு நிமிடம். முதல், நடு, முடிவு, எல்லாம் இருந்தது. ஐந்து ஐம்பத்தெட்டுக்குப் படம் போய்ச் சேர்ந்துவிட்டதாகப் பதில் வந்தது.

பிராகோ ஆட்டு சூப்புக் கிண்ணத்தை நீட்டினாள். "சாப்பிட வாங்க, டைரக்டர் ஐயா."

அவன் திரும்பிப் பார்த்தான், வேறு யாரையாவது சொல்கிறாளா என்று.

திங்கட்கிழமை காலை அடோமா கடைக் கதவைத் திறந்தபோது, வாசலில் அட்டகோரா நின்றுகொண்டிருந்தான். கக்கத்தில் கிழித்த போஸ்டர்கள் ஒரு கட்டு.

"ஏம்மா, ஒண்ணு போதும்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே! உன்னால ஊர்முன்னால மண்டி போட்டேன், கன்னத்துல அறை வாங்கினேன், ஆடு வெட்டினேன்! யாரைக் கேட்டும்மா இத்தனை அடிச்சே?"

அடோமா பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னைத் திட்டாதீங்கண்ணே, நீங்க கேட்டதை ஒண்ணோட நிறுத்திட்டேன், மறுநாள் இறந்தவரே நேர்ல வந்து, 'வசனம் இல்லாத பெரியவர் வேஷம்னதுமே சாவுன்னு புரிஞ்சுபோச்சு, என் மருமகன் படத்துக்கு ஒன்பது பேர் போதாதும்மா, இன்னும் இருநூறு அடிச்சு ஊர் பூரா ஒட்டு, முகத்தை மட்டும் கொஞ்சம் பெரிசாப் போடு'ன்னுட்டுப் போனார்!"